லாடம் அடித்த இடத்தைக் கூட்டுவது யார்?

ஒரு குதிரைக்கு நாலு காலிலும் லாடம் மாற்றினால் தரையில் எத்தனை இரும்புத் துண்டுகள் விழும் என்று நான் எண்ணியிருக்கிறேன். ஒரு லாடத்துக்கு ஆறு முதல் எட்டு ஆணி வரை அடிப்பார்கள். ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய லாடத்தைக் கழற்றும்போது 28 பழைய ஆணிகள் வரும். புது ஆணியை அடித்து, அதன் கூர் குளம்புச் சுவரின் வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தவுடன், சுத்தியலின் கவையால் முறுக்கி அந்த முனையை ஒடித்துவிடுவார்கள். ஒடிக்காமல் விட்டால் குதிரை காலை இழுக்கும்போது லாடக்காரரின் தொடை கிழிந்துவிடும். ஒடித்த முனைகள் 28. ஆக 56 துண்டுகள். முனை ஒவ்வொன்றும் அரிசியை விடக் கொஞ்சம் நீளம், ஊசி போலக் கூர்.

குளம்புச் சீவல் இந்தக் கணக்கில் இல்லை. அது பிறை பிறையாக வெட்டுப்பட்டுக் கண்ணெதிரே கிடக்கும். பண்ணை நாய்கள் அதற்காகவே காத்திருந்து கவ்விக்கொண்டு போகும். நகம், கொம்பு போன்ற பொருள்தான் அது. உரக் குவியலில் போட்டால் மெல்ல மெல்ல உக்கி மண்ணுக்கு நைதரசன் கொடுக்கும். சீவலால் யாருக்கும் கெடுதி இல்லை. ஆணிதான் ஆபத்து.

ஒஷாவாவுக்கு வடக்கே கொலம்பஸ், ரக்லன் என்ற பழைய ஊர்களைச் சுற்றி இன்னமும் குதிரைப் பண்ணைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் பதினொரு வருடம் லாயம் கூட்டினேன். காலை ஆறு மணிக்குப் போனால், சாணம் அள்ளி, மரத்தூள் பரப்பி, தண்ணீர் நிரப்பிப் பத்தரைக்கு வேலை முடியும். ஆறு, ஏழு கிழமைக்கு ஒருமுறை லாடக்காரர் தன் பிக்கப் வண்டியில் வருவார். பின்கதவைத் திறந்தால் உள்ளே ஒரு முழுப் பட்டறையே இருக்கும்: வாயு உலை, பட்டடை, அரங்கள், குறடுகள், அளவு அளவாக லாடங்கள். அவர் போனபின் நடைபாதையைக் கூட்டுவது யார் என்று பண்ணைக்காரருக்கும் அவருக்கும் ஓயாத இழுபறி. 'நான் லாடம் அடிக்கத்தான் காசு வாங்குகிறேன், கூட்ட அல்ல' என்பார் ஒருவர். 'கம்மாலைக் குப்பையை என் லாயத்தில் கொட்டிவிட்டுப் போவதா?' என்பார் மற்றவர். இரண்டு பேருக்கும் நடுவில் தும்புத்தடியோடு நின்றவன் நான்.

நான் இதை முதலில் பார்த்தது கனடாவில் அல்ல. சாவகச்சேரிப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் ஒரு சோடி வண்டில் மாடு இருந்தது. தார் ரோட்டில் ஓடும் மாட்டுக்கு லாடம் இல்லாவிட்டால் குளம்பு தேய்ந்து காலைக் கெந்தும். சந்தைக்குக் கிட்ட ஒரு புளியமரத்தின் கீழ் லாடம் அடிக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். மாட்டைக் கயிற்றால் சுற்றி இழுத்து நிலத்தில் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒரு ஆள் தலையை அமத்திப் பிடிக்க, அவர் குந்தியிருந்து வேலை செய்வார். மாட்டின் குளம்பு பிளந்தது. அதனால் ஒரு காலுக்கு இரண்டு தட்டு, ஒரு மாட்டுக்கு எட்டுத் தட்டு. அவர் தட்டுக்கு ஐந்து ஆணி அடிப்பார். நாற்பது.

வேலை தொடங்குமுன் தகர டப்பாவில் இருந்து நாற்பது ஆணியை எண்ணி எடுத்து வைப்பார். முடிந்தபின் மாட்டை எழுப்ப விடமாட்டார். என்னைக் கூப்பிடுவார்.

"தம்பி, முனையெல்லாம் பொறுக்கு. எண்ணிச் சொல்லு."

நான் ஒரு சிரட்டையில் பொறுக்குவேன். ஒருநாள் முப்பத்தொன்பதுதான் வந்தது.

"முப்பத்தொன்பது ஐயா."

"அப்ப ஒண்டு கிடக்குது. தேடு."

வெயில் ஏறிவிட்டது. என் அப்பா வண்டிலில் இருந்து இறங்கி, "அண்ணை, ஒரு முனைதானே, போகட்டும்" என்றார். பெரியவர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நாளைக்கு இதிலை ஆற்றையோ பிள்ளை வெறுங்காலோடை நடக்கும்" என்றார். கடைசியில் அது மாட்டின் வயிற்றுக்குக் கீழே, கயிற்று முடிச்சுக்குள் இருந்தது. அதையும் சிரட்டையில் போட்ட பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார். பழைய ஆணிக்கு அவர் கணக்கு வைப்பதில்லை. பாதி ரோட்டிலேயே விழுந்திருக்கும். தான் அடித்த புது ஆணியின் முனைக்குத்தான் கணக்கு.

அன்றைக்கு எங்கள் ஊரில் பாதிப்பேர் செருப்பில்லாமல் நடந்தார்கள். துருப்பிடித்த ஆணி ஏறினால் ஏற்பு வரும் என்ற பயம் ஒவ்வொரு தாய்க்கும் இருந்தது. அந்தப் பயம் குதிரை லாயத்திலும் அப்படியே உண்டு. வீட்டு விலங்குகளில் ஏற்பு நோய் மிக எளிதாகப் பற்றுவது குதிரையைத்தான். அதனால் இங்கே வருடா வருடம் அதற்கு ஊசி போடுகிறார்கள்.

லாடக்காரர் கூட்டவேண்டுமா என்ற கேள்வியைப் பலர் மரியாதைப் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் நடந்த ஊர்களில் ஒன்று இந்த ஒஷாவா. இங்கே குடியேறிய தமிழர்களில் பலர் இதை ஜெனரல் மோட்டர்ஸ் ஊர் என்று மட்டும்தான் அறிவார்கள். அதற்கு முன் இது குதிரை வண்டிகளின் ஊர்.

1842 வரை இந்த இடத்துக்குப் பெயர் ஸ்கேஸ் கோர்னர்ஸ். எட்வர்ட் ஸ்கே என்பவரின் கடை நின்ற சந்தி அது. அந்த ஆண்டு தபால் நிலையம் வந்தபோதுதான் ஒஷாவா என்ற பெயர் வந்தது. ரொறன்ரோவுக்கும் கிங்ஸ்டனுக்கும் இடையே ஓடிய பெருந்தெருவில் இருந்ததால் குதிரைகளும் வண்டிகளும் நாள் முழுக்கப் போய்வந்தன. அந்தக் காலத்து ஒன்ராறியோவில் மாவு ஆலையும் தேவாலயமும் போலக் கம்மாலையும் ஒவ்வொரு குறிச்சிக்கும் கட்டாயம் வேண்டியது. குதிரையைக் கம்மாலைக்குக் கொண்டுபோவார்கள். கொல்லர் வீடு தேடி வரமாட்டார். இதைக் கவனிக்கவேண்டும். தரை அவருடையது. அங்கே விழுந்த ஆணியில் அடுத்த குதிரை கால் வைத்தால் அது அவருடைய பெயருக்குக் கேடு. கூட்டுவது யார் என்ற கேள்வியே அங்கே எழ இடமில்லை.

இன்னொன்றும் இருந்தது: இரும்புக்கு விலை. பழைய லாடத்தைத் திரும்ப உலையில் வைத்து வேறு பொருள் செய்வார்கள். ஆணியின் கதை இதைவிட வியப்பானது. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்தின் சிறந்த வேட்டைத் துப்பாக்கிகளின் குழாய்களைப் பழைய லாட ஆணிகளின் குறைகளைக் கொண்டு செய்தார்கள். நல்ல மெல்லிரும்பில் அடித்த ஆணி, குதிரையின் காலில் கிடந்து ஆயிரக்கணக்கான தடவை தட்டுப்பட்டு இறுகியிருக்கும் என்பது துப்பாக்கிக் கொல்லர்களின் நம்பிக்கை. அவற்றைச் சேர்த்துக் காய்ச்சி அடித்துப் பட்டியாக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருளாக முறுக்கிக் குழாய் செய்தார்கள். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இருந்துகூட ஆணிக் குறைகளை வாங்கிப் பேர்மிங்காமுக்குக் கொண்டுபோனார்கள். இப்படி விலைபோகிற சாமானை யாராவது தரையில் விட்டுவிட்டுப் போவார்களா? சீவலைத் தோட்டத்துக்குக் கொடுத்தார்கள், இரும்பைச் சாடியில் சேர்த்தார்கள். தரை தானாகவே சுத்தமாக இருந்தது.

ரொபர்ட் மக்லாக்லின் என்பவர் 1867இல், ஒஷாவாவுக்கு வடகிழக்கே உள்ள டைரோன் என்ற சிற்றூரில் குதிரை வண்டி செய்யத் தொடங்கினார். பிறகு எனிஸ்கிலனுக்குப் போனார். 1876இல் ஒஷாவாவுக்கு வந்தார். 1899 டிசம்பரில் அவருடைய தொழிற்சாலை எரிந்து சாம்பலானது. மற்ற ஊர்கள் எங்களிடம் வாருங்கள் என்று கூப்பிட்டன. ஒஷாவா நகரசபை 50,000 டொலர் கடன் கொடுத்து அவரை இங்கேயே நிறுத்தியது. அந்தக் கடன்தான் இந்த ஊரின் தலையெழுத்தை எழுதியது என்று நான் நினைக்கிறேன். அடுத்த சில ஆண்டுகளில் பிரித்தானியப் பேரரசிலேயே பெரிய வண்டித் தொழிற்சாலை என்று சொல்லும் அளவுக்கு அது வளர்ந்தது. அங்கே தச்சர்கள், சாயம் பூசுபவர்கள், தோல் வேலைக்காரர்களோடு கொல்லர்களும் வேலை செய்தார்கள்.

குதிரை இல்லாமல் அந்தக் காலத்து நகரம் எப்படி முடங்கும் என்பதற்கு 1872 சாட்சி. அந்த இலையுதிர் காலத்தில் குதிரைகளுக்கு ஒரு காய்ச்சல் பரவியது. முதலில் நோய் பதிவானது யோர்க், ஸ்காபரோ, மார்க்கம் ஊர்களில். இன்று நம்மவர்கள் நெருங்கி வாழும் அதே ஸ்காபரோ, அதே மார்க்கம். அக்டோபர் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்குள் புகுந்தது. சில நாட்களுக்குள் டிராம் வண்டி இழுத்த குதிரைகள் எல்லாம் படுத்துவிட்டன. அடுத்த வசந்தத்துக்குள் அது கண்டம் முழுவதையும் சுற்றிவிட்டது. குதிரைக்கு மாற்றாக ரொறன்ரோவில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1892இல். கடைசிக் குதிரை டிராம் நின்றது 1894இல்.

ரொபர்ட்டின் மகன் சாம் 1907இல் அமெரிக்கப் பியூயிக் இயந்திரத்தை வாங்கி மக்லாக்லின் மோட்டார் வண்டிக் கொம்பனியைத் தொடங்கினார். 1915இல் குதிரை வண்டித் தொழிலையே விற்றுவிட்டார்கள். 1918இல் அது ஜெனரல் மோட்டர்ஸ் ஒஃப் கனடா ஆனது. இந்தக் காலத்தில்தான் ஆணி இன்னொரு பகையைச் சம்பாதித்தது. ரோட்டில் குதிரைகள் உதிர்த்த லாட ஆணிகள் சைக்கிள்காரரின் ரயரையும் மோட்டார்காரரின் ரயரையும் குத்திக் கிழித்தன. தொடக்ககால மோட்டார் ஓட்டிகளின் பெரிய தலையிடி இது. முன்பு விலைபோன ஆணி இப்போது வசவு வாங்கியது. எஃகு மலிந்துவிட்டதால் யாரும் அதைப் பொறுக்கவும் இல்லை.

மோட்டார் வந்து கம்மாலைகளை மூடியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அதே மோட்டார்தான் மிஞ்சிய கொல்லரை வீதியில் ஏற்றியது என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஊரில் நூறு குதிரை இருந்தபோது ஒரு கம்மாலை நிலைத்து நின்றது. குதிரைகள் குறைந்து, பண்ணைக்கு ஐந்து, பத்து என்று தூரத் தூரமாகச் சிதறியபோது, குதிரை கொல்லரிடம் போவதைவிடக் கொல்லர் குதிரையிடம் போவது சுலபமானது. பட்டடையை வண்டியில் ஏற்றினார். அன்றிலிருந்து அவர் நின்று வேலை செய்யும் தரை வேறொருவருடையது. கூட்டுவது யார் என்ற கேள்வி பிறந்தது அந்த நாளில்தான்.

சாம் மக்லாக்லினை நான் குறை சொல்லவில்லை. மோட்டாரால் செல்வந்தரான அந்த மனிதர் குதிரையை விட்டுவிடவில்லை. ஒஷாவாவுக்கு வடக்கே பார்க்வுட் என்ற பெயரில் குதிரைப் பண்ணை வைத்து, 1934, 1946, 1947 ஆகிய மூன்று ஆண்டுகளில் கிங்ஸ் பிளேட் பந்தயத்தை வென்றார். 1950இல் அந்தப் பண்ணையை ஈ. பி. டெய்லரிடம் விற்றார். அதுவே பின்னர் வின்ட்பீல்ட்ஸ் பண்ணை என்று உலகம் அறிந்தது. அங்கே 1961 மே 27 அன்று பிறந்த கட்டையான குட்டிதான் நோர்தன் டான்சர். மறுவருடம் 25,000 டொலருக்கு விற்க வைத்தார்கள். வாங்க ஆள் இல்லை. டெய்லரே வைத்துக்கொண்டார்.

1963இன் கடைசியில் அந்தக் குதிரையின் முன்கால் குளம்பில் வெடிப்பு விழுந்தது. மாதக்கணக்கில் ஓய்வு கொடுக்கவேண்டும். கென்ரக்கி டேர்பி கைவிட்டுப் போகும். அப்போது கலிபோர்னியாவில் இருந்து பில் பேன் என்ற லாடக்காரரை வரவழைத்தார்கள். வெடிப்பின் ஓரங்களைச் சுத்தமாக்கி, மேலே றப்பர் ஒட்டை உருக்கி ஒட்டும் புது முறை அவரிடம் இருந்தது. குதிரை பயிற்சிக்குத் திரும்பியது. 1964 மே 2 அன்று டேர்பியைச் சரியாக இரண்டு நிமிடத்தில் ஓடி முடித்தது. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் கனடாக் குதிரை அதுதான். அந்த நேரத்தை 1973இல் செக்ரட்டேரியட் வரும்வரை எந்தக் குதிரையும் முந்தவில்லை. ஒரு சிறிய வெடிப்பு ஒரு நாட்டின் பெருமையைத் தடுத்திருக்கும். ஒரு லாடக்காரரின் கை அதைக் காத்தது. குளம்பு விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்தமாகப் பேசுவதற்கு இந்தக் கதையும் காரணம்.

லாடக்காரரின் அருமையை நம் நாட்டு வரலாறும் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் முடிவில் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆயிரக்கணக்கில் குதிரைகளை இறக்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் மிகச் சிலவே உயிரோடு மிஞ்சின என்றும் எழுதினார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கத்து வியாபாரிகள் காயல் துறைமுகத்தில் குதிரைகளை இறக்கினார்களாம். ஆனால் லாடக்காரர் எவரையும் வரவிடமாட்டார்களாம். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த வருடமும் வியாபாரம்! பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரையின் விலை 220 தினார் என்றும், வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பணம் கொடுக்கப்பட்டது என்றும் எழுதினார். போலோவின் கதையில் வியாபாரிகளின் வம்பும் கலந்திருக்கலாம். ஆனால் பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கிய அரசு, அதன் காலடியைப் பார்க்கத் தெரிந்த ஒரு தொழிலாளி இல்லாமல் தவித்தது என்பதை நான் நம்புகிறேன். குதிரையை வாங்குவதைவிட அதைக் காப்பதற்குத்தான் தொழில் தெரிந்த கை வேண்டும்.

லாடமே இல்லாத குதிரைகளையும் நான் பார்த்திருக்கிறேன். என் தாயின் ஊர் நெடுந்தீவு. விடுமுறையில் குறிகட்டுவானில் இருந்து படகில் போவோம். அங்கே கட்டாக்காலிக் குதிரைகள் நிற்கும். போர்த்துக்கீசர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் வளர்த்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கில அதிகாரியின் காலம்வரை பராமரித்த குதிரைகளின் வழிவந்தவை. ஒல்லாந்தர் கட்டிய லாயத்தின் தூண்கள் இன்னமும் நிற்கின்றன. அந்தக் குதிரைகளுக்கு லாடம் இல்லை. தீவின் முருகைக்கல் தரையில் நடந்து நடந்து அவற்றின் குளம்பு தானே தேய்ந்து உருவம் பெறுகிறது. அங்கே ஆணியும் இல்லை, ஆணி பொறுக்குபவரும் இல்லை. 

இனி என் கண் முன்னே நடந்ததைச் சொல்லவேண்டும்.

ஒரு வசந்த காலத்தில் வழக்கமான லாடக்காரர் முதுகுவலியால் வரவில்லை. வேறொருவர் வந்து அவசரமாக ஆறு குதிரைகளுக்கு லாடம் மாற்றிவிட்டுப் போனார். நான் தும்புத்தடியால் கூட்டினேன். நடைபாதையில் றப்பர் பாய் விரித்திருந்தது. இரண்டு பாய் சேரும் இடத்தில் ஒரு விரல் அளவு இடைவெளி. தும்புத்தடி சீவலை எடுத்தது. ஆணியை அந்த இடைவெளிக்குள் தள்ளிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை, பழுப்பு நிறப் பெண்குதிரை ஒன்று லாயத்தில் முன்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. காலைத் தூக்கிப் பார்த்தேன். குளம்பின் அடியில், அம்பு முனை போல இருக்கும் மெதுவான பகுதிக்குப் பக்கத்தில் ஒரு ஆணித்தலை. பழைய லாடத்தில் இருந்து பிடுங்கிய முழு ஆணி.

கை தானாகவே அதைப் பிடுங்கப் போனது. பண்ணைக்காரர் கத்தி நிறுத்தினார். தொலைபேசியில் கால்நடை மருத்துவர் சொன்னதும் அதுதான்: பிடுங்க வேண்டாம், நடக்கவிட வேண்டாம், காலைச் சுற்றிக் கட்டுங்கள், எக்ஸ்ரே எடுக்க வருகிறேன். பிடுங்கிவிட்டால் துளை மூடிக்கொள்ளும். ஆணி எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போனது என்று பிறகு யாருக்கும் தெரியாது. அந்த இடத்துக்கு மேலே ஒரு சிறிய எலும்பும் அதன் அடியில் ஒரு நீர்ப்பையும் இருக்கின்றன. ஆணி அதைத் தொட்டால், அழுக்கு உள்ளே போய்ச் சீழ் பிடித்து, பல குதிரைகளைக் கருணைக் கொலை செய்யும் நிலை வந்துவிடும். மருத்துவர் வரும்வரை இரண்டு மணி நேரம் அந்தக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றேன். அது என் தோளில் மூச்சுவிட்டது. அதன் நெற்றி வியர்த்திருந்தது.

எக்ஸ்ரேயில் ஆணி எலும்பைத் தொடாமல் பக்கவாட்டில் போயிருந்தது. குதிரை பிழைத்தது. அன்று மாலை பாய்களை எல்லாம் தூக்கிப் பார்த்தோம். இடைவெளிகளுக்குள் இருந்து இன்னும் நாலு ஆணியும் பதினொரு முனையும் வந்தன. அவை ஒரே நாளில் விழுந்தவை அல்ல. எத்தனை லாடக்காரர்களின் எத்தனை நாட்கள் அந்த இடுக்குகளில் கிடந்தனவோ.

அதன்பிறகு லாயத்தின் கதவடியில் ஒரு காந்தத்தடி தொங்கவிட்டோம். சில்லு வைத்த நீளக் காந்தம். தரையில் உருட்டிக்கொண்டு போனால் இரும்பெல்லாம் ஒட்டும். பந்தயக் குதிரைக்குப் போடும் அலுமினிய லாடம் உடைந்தால் அந்தத் துண்டு இதில் ஒட்டாது. அதற்குக் கண்தான் வேண்டும். ஆனால் ஆணி எஃகு. நிச்சயம் ஒட்டும்.

லாடக்காரர்களின் பக்கத்தையும் நான் அறிவேன். அவர்களுக்குக் கூலி குதிரைக் கணக்கில். ஒரு பண்ணையில் இருந்து அடுத்த பண்ணைக்கு நாற்பது நிமிட ஓட்டம். நாள் முழுக்கக் குனிந்து நின்று ஐந்நூறு கிலோ மிருகத்தின் காலைத் தொடை நடுவில் தாங்குகிறார்கள். பலருக்கு ஐம்பது வயதுக்குள் முதுகு போய்விடுகிறது. சாணத்தையும் சீவலையும் அவர்கள் கூட்டவேண்டும் என்று யாராவது சொன்னால் நான் லாடக்காரர் பக்கம்தான் நிற்பேன். சாணம் குதிரை போட்டது, சீவலை எடுக்கக் கூலியாள் இருக்கிறான். வெளிச்சமான, காய்ந்த, சமமான இடத்தையும் அவருக்குக் கொடுக்கவேண்டியது பண்ணைக்காரரின் கடமை. இருட்டுக் கொட்டிலில், சேற்றில் நிறுத்தி லாடம் அடிக்கச் சொல்லிவிட்டு ஆணியை எண்ணு என்று கேட்பது நியாயமில்லை.

ஆனால் ஆணி வேறு. எத்தனை ஆணி அடித்தார், எத்தனை வளைந்து எறிந்தார், எத்தனை பழையதைப் பிடுங்கினார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பிறகு கூட்ட வரும் நான் எத்தனை தடவை கூட்டினாலும், முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியவராது. கணக்குத் தெரிந்தவர்தான் முடிந்தது என்று சொல்லமுடியும். கம்மாலைத் தரையில் கணக்கும் தரையும் ஒருவரிடமே இருந்தன. பட்டறை வண்டியில் ஏறியபோது கணக்கு ஒருவரிடமும் தரை இன்னொருவரிடமும் போயின. நடுவில் விழுந்ததுதான் அந்த ஆணி. அதனால் என் தீர்ப்பு இது: கூட்டுவது பண்ணைக்காரரின் வேலை, ஆணி பொறுக்குவது லாடக்காரரின் வேலை. முதுகுவலியில் இருந்து திரும்பிவந்த எங்கள் பழைய லாடக்காரர் இதை வாதமில்லாமல் ஏற்றுக்கொண்டார். முழங்காலடியில் ஒரு காந்தக் கிண்ணம் வைத்துக்கொண்டார். பிடுங்கியதும் அதில், ஒடித்ததும் அதில். குதிரைக்கு ஒரு நிமிடம்கூட அதிகமாகவில்லை.

வின்ட்பீல்ட்ஸ் பண்ணை 2009இல் மூடப்பட்டது. நிலத்தின் ஒரு பகுதி ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. மற்றதில் வீடுகளும் கடைத்தொகுதிகளும் எழுந்துவிட்டன. அந்த வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் குடியிருக்கின்றன. நோர்தன் டான்சர் 1990 நவம்பர் 16 அன்று மேரிலான்டில் இறந்தபோது அதன் உடலைப் பெட்டியில் வைத்து ஒஷாவாவுக்குக் கொண்டுவந்து, பிறந்த மண்ணிலேயே புதைத்தார்கள். அந்தப் பெயரில் இங்கே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது ஒரு குதிரையின் பெயர் என்று தெரியும். அந்தக் குதிரையை ஓடவைத்த றப்பர் ஒட்டின் கதையையும் யாராவது அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. புளியமரத்தடிப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய சிறிய உளிக்கு அவர் ஒரு பெயர் சொல்வார். எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. மாட்டைச் சாய்க்கும் கயிற்றுச் சுற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. தென்மராட்சியிலோ, வலிகாமத்திலோ, வன்னியிலோ, தமிழ்நாட்டின் எந்தச் சந்தையடியிலோ மாட்டுக்கு லாடம் அடித்தவர்களை அறிந்தவர்கள் இதைப் படித்தால், அந்தக் கருவிகளின் பெயர்களை எழுதி வையுங்கள். அவர்களும் ஆணி முனையை எண்ணித்தான் மாட்டை எழுப்பினார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.